பனியாறு பின்னோக்கி நடக்குமா?

அமெரிக்காவில் வாழும் என் தங்கை, சென்ற ஆண்டு ஜூன் மாத விடுமுறைக்குத் தன் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் வீரசோழனுக்கு வந்திருந்தாள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கடந்து கிழக்கே வந்தால் எங்கள் ஊர். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாயும் சோளமும். அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலமரத்தை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டியதுதான். அத்தகைய ஊரில், மின்சாரம் நின்றுபோன ஒரு மாலை வேளையில், திண்ணையில் அமர்ந்து நாங்கள் பார்த்தது அலாஸ்காவின் பனியாறு ஒன்றை!

அதற்கு முந்திய ஆண்டுக் கோடையில் அவர்கள் குடும்பத்தோடு கிளேசியர் வளைகுடாவுக்குச் சென்றிருந்தார்கள். காலை ஏழரை மணிக்குப் பார்ட்லெட் கோவ் என்னும் துறையிலிருந்து படகு புறப்படுகிறது. வளைகுடாவின் உள்முனை வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ 210 கிலோமீட்டர், எட்டு மணி நேரப் பயணம். உள்முனையில் மார்ஜரி பனியாறு கடலைத் தொடுகிறது. அதன் எதிரே படகை நிறுத்தி, அனைவரும் மேல்தளத்தில் குளிரில் நடுங்கியபடி காத்திருந்ததையும், பனிச் சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கடலில் விழுந்ததையும் தங்கையின் மகன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான்.

“மாமா, இது ஏன் இவ்வளவு மெதுவா விழுது? நான் வீடியோவை ஸ்லோ பண்ணவே இல்லை” என்றான் அவன். அவனுடைய தங்கைக்கு, ஐஸ் ஏன் நீலமாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் நல்ல கேள்வியைக் கேட்டவர் எங்கள் அம்மாதான். இந்தப் பனியாறுகளெல்லாம் பின்வாங்கிக்கொண்டே போகின்றன என்று படகில் வந்த பூங்கா அலுவலர் சொன்னாராம். பையன் அதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: “ஏப்பா, பின்னாலே போகுதுன்னா எப்படி? மலைமேலேயா ஏறிப் போகும்?”

இயற்பியல் கற்பிப்பவன் நான். என்றாலும், பனியாறு பின்வாங்குகிறது என்னும் சொற்றொடரைப் பலமுறை வகுப்பில் கூறியிருந்தும், அது கேட்பவர் மனத்தில் எத்தகைய சித்திரத்தை எழுப்பும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மூன்று கேள்விகளுக்கும் அன்று திண்ணையில் சொன்ன விடைகளைச் சற்று விரிவாகவும் ஒழுங்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கிளேசியர் என்பதை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் பனிப்பாறை என்று எழுதுகின்றன. கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க்குக்கும் அதே சொல்தான். பாறை என்றவுடன் அசையாமல் கிடப்பது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆறு என்று சொன்னால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஆகவே பனியாறு என்ற சொல்லையே நான் விரும்புகிறேன்.

நான்கு விநாடிகள்

பையனின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தக் காட்சியை மீண்டும் ஓடவிட்டு, சுவரின் உச்சியிலிருந்து பெயர்ந்த ஒரு துண்டு நீரைத் தொடும் வரை ஆகும் நேரத்தை அளக்கச் சொன்னேன். நான்கு விநாடிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. தடையின்றி விழும் பொருள் கடக்கும் தொலைவு, புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். முடுக்கம் 9.8, அதன் பாதி 4.9, நேரம் 3.9 விநாடி எனக் கொண்டால் உயரம் ஏறத்தாழ 75 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் அந்தச் சுவரின் உயரம் 250 அடி, அதாவது 76 மீட்டர் என்று பூங்காவினர் குறிப்பிடுகின்றனர். பத்து வயதுப் பையன் கைப்பேசியால் அளந்தது மோசமில்லை!

நம் மாவட்டத்தில் மிக உயர்ந்த கட்டடமாக நாம் பெருமை கொள்ளும் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி. மார்ஜரியின் பனிச் சுவர் அதைவிட ஐம்பது அடிக்கு மேல் உயரம். ஆனால் படகில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பக்கத்தில் ஒரு மரமோ, வீடோ, ஆளோ இருந்தால்தானே அளவு புரியும்? வெண்மையும் நீலமுமாக ஒரு சுவர் மட்டும் இருக்கிறது. கண் அதை ஒரு பனைமர உயரம் என்று முடிவு செய்துவிடுகிறது. பனைமர உயரத்திலிருந்து விழும் பொருள் இரண்டு விநாடியில் தரையைத் தொட வேண்டும். நான்கு விநாடி எடுத்துக்கொண்டால் மெதுவாக விழுவதுபோல் தோன்றுகிறது. மெதுவாக விழவில்லை, நெடுந்தொலைவு விழுகிறது. ஒலியும் அப்படியே. படகு 400 மீட்டர் தள்ளி நின்றால் முழக்கம் ஒரு விநாடிக்கும் சற்றுப் பிந்தித்தான் காதை எட்டும். அப்பகுதியின் பழங்குடி மக்களான டிலிங்கிட்டுகள் இம்முழக்கத்தை ‘வெள்ளை இடி’ என்று அழைக்கிறார்கள்.

திண்மப் பொருள் ஓடுமா?

பனிக்கட்டி திண்மப் பொருள். சுத்தியலால் தட்டினால் சிதறுகிறது. அது எவ்வாறு ஆறுபோல் ஓடும்?

பட்டறையில் கொல்லர் காய்ச்சி எடுக்கும் இரும்பை எண்ணிப் பாருங்கள். அது உருகவில்லை, திண்மமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடித்த பக்கம் வளைகிறது. உருகுநிலையை நெருங்கும் எந்தப் படிகப் பொருளும் இப்படித்தான். இரும்பு 1538 டிகிரி செல்சியசில் உருகுகிறது. நமக்குக் குளிர்ந்ததாகத் தோன்றும் பனிக்கட்டியோ, சுழிக்குக் கீழே மூன்று டிகிரியில் இருந்தாலும், தன் உருகுநிலைக்கு மிக மிக அருகில் இருக்கிறது. தனிவெப்ப அளவில் கணக்கிட்டால், இரும்பை 1500 டிகிரிக்கு மேல் காய்ச்சியதற்கு அது சமம். பனியாற்றின் பனிக்கட்டி, அதனளவில், பழுக்கக் காய்ந்த பொருளே! தன்மேல் ஏறிய சுமையைத் தாங்காமல் அதன் படிகங்களின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்குகின்றன.

சுமை கூடினால் இந்த இளகல் எவ்வளவு கூடும் என்பதை 1950களில் கேம்பிரிட்ஜில் ஜான் கிளென் என்பவர் ஆய்வகத்தில் பனிக்கட்டித் துண்டுகளை அழுத்திக் கண்டறிந்தார். தகைவை இரட்டித்தால் ஓட்டம் இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. ஆகவே மெல்லிய பனிக்கட்டி அசையாது கிடக்கும். முப்பது, ஐம்பது மீட்டருக்கு மேல் கனத்துவிட்டால் அதன் அடிப்பகுதி ஓடத் தொடங்கிவிடும். மேலுள்ள முப்பது நாற்பது மீட்டர் மட்டும் இளகாமல், கீழே ஓடும் பகுதியின் முதுகில் ஏறிச் செல்லும். மேடுபள்ளத்தில் வளைய முடியாமல் வெடித்துப் பிளக்கும். கடலோரச் சுவர் தூண்தூணாகப் பிளந்து நிற்பதற்கும் துண்டு துண்டாக விழுவதற்கும் இதுவே காரணம். இதனோடு, பாறைப் படுகையின்மேல் உருகிய நீர் மசகெண்ணெய்போல் பரவியிருப்பதால் முழு ஆறும் வழுக்கவும் செய்கிறது.

இந்த ஓட்டத்தை மனிதர் முதலில் அளந்த கதை சுவையானது. சுவிட்சர்லாந்தில் உன்டரார் பனியாற்றின்மேல் 1827இல் ஹூகி என்ற ஆய்வாளர் ஒரு குடிசை கட்டினார். பதினான்கு ஆண்டுகளில் அக்குடிசை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழே பயணம் செய்திருந்தது. யாரும் தூக்கிச் செல்லவில்லை.

மார்ஜரியின் முன்முனையில் பனிக்கட்டி நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னேறுகிறது. பேர்வெதர் மலைத்தொடரின் உச்சிகளில், பசிபிக் கடலின் ஈரக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனி, 34 கிலோமீட்டர் நடந்து கடலை அடைகிறது. வரும் வழியில் அடிப்பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்தக் கல்மாவு கலந்த வளைகுடா நீர் சில இடங்களில் அரிசி களைந்த நீர்போல் இருந்தது என்று தங்கை சொன்னாள். பனியாறு அடியில் பற்றிய கற்கள் பாறையில் இழுத்த கீறல்களைப் பார்ப்பதற்கு அலாஸ்கா போக வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர்ப் பக்கம், பென்கங்கை ஆற்றங்கரையில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு கீறிய பாறைத்தளத்தை 1875இல் புவியியலார் கண்டறிந்தனர். இன்று அங்கே அடிக்கும் வெயிலைச் சொல்ல வேண்டுமா!

நீலம்

சிறுமியின் கேள்விக்கு வருவோம். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. ஒரு லிட்டர் பனி நூறு கிராம் அளவே நிற்கும். மிச்சமெல்லாம் காற்று. ஒளி அதனுள் ஆழமாக நுழைவதற்குள் எண்ணற்ற படிகங்களின் முகங்களில் பட்டுச் சிதறி எல்லா நிறங்களோடும் திரும்பிவிடுகிறது, ஆகவே வெண்மை. ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் பனி விழுந்து அழுத்த, காற்று வெளியேறி, எஞ்சியது சிறு குமிழிகளாக அடைபட்டு, லிட்டருக்கு ஏறத்தாழ 900 கிராம் உள்ள கெட்டிப் பனிக்கட்டியாகிறது. அதனுள் ஒளி பல மீட்டர் செல்ல முடிகிறது. அவ்வாறு செல்லும்போது நீரின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சித் திரும்புவது நீலம். ஒரு தம்ளரில் போடும் ஐஸ் துண்டில் இது தெரியாது, பாதை போதாது.

இங்கே திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு அன்று என்பதை ஒரு நிக்கல் பட்டகத்தைக் கொண்டு கப்பலிலேயே சோதித்தார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதில் அவர் கவனம் சென்றது. அந்த வழியே 1928இல் இராமன் விளைவு கிடைத்தது. சிதறலோடு சிவப்பை உறிஞ்சுவதும் சேர்ந்தே நீலத்தைத் தருகிறது என்றும், பனியாற்றில் உறிஞ்சுதலே முதன்மையானது என்றும் இன்று அறிவோம். படகுப் பயணம் என்றால் நொறுக்குத் தீனி மட்டும் எடுத்துச் செல்லாமல் ஒரு பட்டகத்தையும் எடுத்துச் செல்வது நல்லது என்று மைத்துனரிடம் சொன்னேன். சிரித்தார்.

குமிழிகளைப் பற்றி இன்னொன்று. படகைச் சுற்றி மிதந்த துண்டுகளிலிருந்து சடசடவென்று தாளிப்பதுபோல் ஓசை கேட்டதாம். அழுத்தத்தில் அடைபட்ட பழங்காற்று, பனிக்கட்டி உருக உருக வெடித்து வெளியேறும் ஓசை அது.

அம்மாவின் கேள்வி

இனி முக்கியமான கேள்வி. பனிக்கட்டி நாள்தோறும் கடலை நோக்கி முன்னேறுகிறது என்றோம். அப்படியிருக்க, பனியாறு பின்வாங்குவது எப்படி?

நான் வரவு, செலவு என்று ஏதோ தொடங்கினேன். அம்மா இடைமறித்தார். “கிருதுமால்லே தண்ணி விட்டா வர்ற மாதிரியா?”

எங்கள் பக்கத்தார்க்கு இது விளக்க வேண்டாத விஷயம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே தண்ணீர் திறந்தால், காய்ந்து கிடக்கும் கிருதுமால் நதியின் மணலில் தண்ணீரின் தலைப்பு ஊர் ஊராக நகர்ந்து வரும். வழியில் மணல் குடிக்கும், வெயில் குடிக்கும், கண்மாய்கள் வாங்கிக்கொள்ளும். எவ்விடத்தில் வரவும் இந்தச் செலவும் சமமாகிறதோ, அங்கே தலைப்பு நின்றுவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் முனை ஓரடி நகராது. திறப்பைக் குறைத்தால், நேற்று வரை இந்த ஊரில் நின்ற முனை இன்று மேலே உள்ள ஊரில் நிற்கும். தண்ணீர் பின்வாங்கிவிட்டது என்று கடைமடைக்காரர்கள் சொல்வோம். ஒரு துளியாவது மேல்நோக்கி ஓடியதா? இல்லை.

பனியாற்றின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான். உச்சியில் பனிப்பொழிவு வரவு. கீழே உருகுவதும் கடலில் உடைந்து விழுவதும் செலவு. முன்முனை என்பது இரண்டும் சமமாகும் இடம். மார்ஜரியின் முனை நெடுங்காலம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது. அதற்காக அது ஓடாமல் இருந்துவிடவில்லை. முன்னே வந்த அளவு விழுந்தது; விழுந்த அளவு வந்தது. பையன் படம் பிடித்த அந்தத் துண்டு விழுந்ததனால் மட்டும் பனியாறு அழிகிறது என்று சொல்ல முடியாது. நலமாக இருக்கும் பனியாறும் கடலோரத்தில் உடைந்துகொண்டுதான் இருக்கும். தொலைக்காட்சியில் பனிச்சுவர் இடிந்து விழும் காட்சியைக் காட்டி உலகம் முடியப்போகிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பார்க்க வேண்டியது விழுவதை அன்று. விழுந்ததற்கு ஈடாக வந்ததா என்பதை.

கிளேசியர் வளைகுடாவின் வரலாறே இதற்குச் சான்று. 1794இல் வான்கூவரின் கப்பல் குழு அங்கே சென்றபோது இந்த வளைகுடாவே இல்லை. இன்றைய வாயிலுக்கு அருகிலேயே பனிச் சுவர் நின்றது. கரையில் ஒரு சிறு பள்ளம் மட்டுமே இருந்தது. 1879இல் ஜான் மியூர் டிலிங்கிட் வழிகாட்டிகளோடு ஓடத்தில் சென்றபோது பனி 30 மைலுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. 1916இல் ஏறத்தாழ 60 மைல். என் தங்கை குடும்பம் காலையிலிருந்து நண்பகல் வரை படகில் கடந்த நீர்ப்பரப்பு முழுவதும் இரண்டே கால் நூற்றாண்டுக்கு முன் பனிக்கட்டி!

அதற்கும் முன்னால் அங்கே ஊர்கள் இருந்தன. ஹூனா டிலிங்கிட் மக்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு அவர்களை ஊரைவிட்டு விரட்டியது என்பதை அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது. புவியியலும் அதையே சொல்கிறது. அவர்கள் ஹூனா என்னும் ஊரில் குடியேறினர். 2016இல்தான், பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்குரிய மரபு இல்லம் ஒன்று எழுந்தது. தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்களைத்தான் நாங்கள் அறிவோம். தண்ணீரே சுவராக எழுந்து வந்து விரட்டிய கதையைக் கேட்டு அம்மா நெடுநேரம் பேசவில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளைகுடாவில் பெரும் பின்வாங்கல் தொடங்கியபோது தொழிற்சாலைப் புகை உலகில் மிகக் குறைவு. சிறு பனியுகம் என்னும் குளிர்க்காலம் முடிந்ததும், கடலில் முனை வைத்த பனியாறுகளுக்கே உரிய நிலையின்மையும் அங்கே காரணங்கள். ஆனால் இன்று ஒரு பனியாறு அன்று, உலகின் எல்லாப் பகுதிகளிலும் ஒருசேரச் செலவு வரவை மிஞ்சுகிறது. இதற்கு நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் முதன்மைக் காரணம் என்பதில் அறிவியலாருக்கு ஐயமில்லை. 2000 முதல் 2023 வரை, கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் பெரும் பனிப்பரப்புகள் நீங்கலாக, உலகப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆண்டுதோறும் இழப்பது அத்தகைய நூறு அணை நீர். அந்த நீரால் இக்காலத்தில் உலகக் கடல்மட்டம் 18 மில்லிமீட்டர் உயர்ந்தது. கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் மட்டம் உயர்வதில்லை. தம்ளரில் ஐஸ் துண்டு மிதக்க, விளிம்பு வரை நீர் ஊற்றி வைத்துப் பாருங்கள்; உருகிய பின்னும் வழியாது. நிலத்தின்மேல் இருந்த பனி கடலுக்கு வந்தால்தான் உயரும்.

நம் நாட்டில், கங்கையின் தலையான பாகீரதி பிறக்கும் கங்கோத்ரி பனியாறு 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முனையாகிய கோமுகத்தை 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆடன் அளந்து வரைபடமாக்கினார். 1996 வரையிலான 61 ஆண்டுகளில் அந்த முனை ஆண்டுக்குச் சராசரி 19 மீட்டர் வீதம் மேலேறியது. காரகோரத்தில் சில பனியாறுகள் நெடுங்காலம் குறையாமலும் இருந்துள்ளன. இமயத்தின் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று பன்னாட்டுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. அது சான்றில்லாத பிழை என்று 2010இல் அக்குழுவே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டை இன்னும் சிலர் மேடையில் சொல்லக் கேட்கிறேன். பிழையைத் திருத்திய பின்னும் இழப்பு உண்மைதான். அளவைச் சரியாகச் சொல்வோம் என்கிறேன்.

“நம்ம ஆத்துக்கெல்லாம் மேலே இப்படி ஐஸ் கிடையாதா?” என்றார் அம்மா. கிடையாது. வைகைக்கும் குண்டாற்றுக்கும் மழை ஒன்றே வரவு. கோடையில் மழை நின்றால் ஆறும் நின்றது. பனியாறு உள்ள நதிக்கோ, வெயில் ஏற ஏறத்தான் மேலிருந்து நீர் கூடுதலாக வரும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். ஆகவே கோடை முழுவதும் சிறுகச் சிறுகத்தான் உருகும். கரையும் மடையும் இல்லாத கண்மாய் அது. தேவைப்படும் மாதத்தில் தானே திறந்துகொள்ளும். நாம் இங்கே கரை கட்டித் தூர் வாரிச் செய்ய வேண்டியதை அங்கே குளிர் செய்துவிடுகிறது.

“அவ்வளவு பெரிசை எதை வச்சு அளக்கிறாங்க?” என்று கடைசியாகக் கேட்டார். முனை நின்ற இடத்தில் பாறையில் ஆண்டைச் சாயத்தால் எழுதி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அங்கிருந்து நாடா பிடிக்கிறார்கள். அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. பனிக்கட்டியில் நீராவியால் ஆழமாகத் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்கிவிடுகிறார்கள். கோடை முடிவில் சென்று, கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். இமயத்தில் இன்றும் இதுவே முறை. செயற்கைக்கோள் படங்களைச் சரிபார்ப்பதும் இந்த மூங்கிலைக் கொண்டுதான்.

“மடையிலே கல்லு நட்டு வச்சிருக்கமே, அது மாதிரி” என்றார் அம்மா. மின்சாரம் வந்துவிட்டது. பையன் கைப்பேசியை மின்னேற்ற உள்ளே ஓடினான்.